சீரியல் வீட்டு டிவி

சினிமாக்காரர்களுக்கும் சீரியல்காரர்களுக்கும் பழைய டிவி, ஆன்டெனா, வீடியோ டெக் எல்லாம் வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். எங்கள் தொழில் என்றா சொன்னேன்? என் வீட்டுக்காரருடைய தொழில். வேலூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். சர்க்கரையில் அவர் கண் மங்கிய பிறகு அது என் தலையில் விழுந்தது.

ஆம்பூர் பக்கம் ஒரு பழைய பங்களாவில் சீரியல் எடுக்கிறார்கள். எண்பதுகளில் நடக்கும் கதை. கூடத்தில் மர ஷட்டர் வைத்த எங்கள் கறுப்பு வெள்ளை டிவி. ஓட ஓட படம் உருள ஆரம்பித்துவிடும். பின்பக்கத் திருகைத் தொட்டுத் தொட்டு அதை நிறுத்தத் தெரிந்தவள் நான்தான். கேமராவில் விழக்கூடாதென்று டிவிக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருப்பேன். ஃபேன் போட்டால் சத்தம் கேட்குமாம். முன்னால் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டு முடிக்கும்வரை இருமக்கூட முடியாது. மூன்று மாதத்தில் முடியும் என்றார்கள், வருஷக்கணக்கில் இழுக்கிறது. மருமகளுக்கு இரண்டு தடவை நினைவு தப்பித் திரும்பியும் வந்துவிட்டது. எனக்குத்தான் விடுதலை இல்லை.

கல்யாணத்துக்கு முன் நான் ஷூ கம்பெனியில் தைத்தவள். அப்போது கூட வேலை செய்த தோழி போன் செய்தாள். சூப்பர்வைசர் வேலை, திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தால் எனக்கு, இல்லையென்றால் வேறொருத்திக்கு. எனக்கு அந்த வேலை வேண்டும். வேறெதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "டிவிய பாதியில எடுத்தா அவங்க கதை இன்னா ஆவறது? வாக்கு குடுத்துட்டேனே" என்றார். சாயங்காலம் சீரியல் ஆரம்பித்ததும் முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு, மங்கலாகத் தெரியும் தன் டிவியைத்தான் பார்ப்பார். அவருக்கு மிச்சமிருக்கும் சந்தோஷம் அது ஒன்றுதான்.

அந்த வாரமே உதவி டைரக்டர் வந்து, "அக்கா, சனிக்கிழமை மாமனார் கோவத்துல டிவிய ஒடைக்கிறாரு. வெல குடுத்துடறோம்" என்றார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. வீட்டுக்காரரிடம் சொன்னதும் ஓடிக்கொண்டிருந்த சீரியலை நிறுத்தினார். பிறகு, "ஒடைச்சா ஒடைக்கட்டும். நீ கம்பெனிக்குப் போ" என்றார்.

பிக்சர் டியூப் வெடித்துவிடும் என்பதால் அதைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணாடி வைத்துக் கொடுத்தேன். தோழிக்குப் போன் போட்டு, "வர்றேன்டி" என்றேன். மாமனார் ஒரே டேக்கில் உடைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான்தான் ஜாஸ்தி தட்டினேன்.

கிளம்பும்போது உதவி டைரக்டர், "திங்கக்கிழமை சீக்கிரம் வந்துடுங்கக்கா" என்றார்.

"எதுக்கு? அதான் ஒடைஞ்சிடுச்சே."

"அது மாமனார் கனவுக்கா. அவர் முழிச்சுப் பாக்கறப்போ டிவி நல்லா இருக்கணும். அண்ணன்கிட்ட கேட்டோம், அதே மாதிரி இன்னொண்ணு இருக்காமே."

வீட்டுக்கு வந்தபோது அந்த இன்னொன்றை நடுவீட்டில் வைத்து, தடவித் தடவித் துடைத்துக்கொண்டிருந்தார். "கனவாம்! என் டிவிக்கு ஒண்ணும் ஆவல!" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சட்டென்று அவர் கை நின்றது.

"உன் கம்பெனி வேலை?" என்றார்.

"அவங்க வேற ஆள் எடுத்துட்டாங்களாம்" என்றேன்.

வரவில்லை என்று தோழிக்கு நான் இன்னும் போன்கூடச் செய்திருக்கவில்லை.