வாஹ் வாஹ் சொல்லாதவன்

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் செகந்திராபாத் வந்து இறங்கும்போது உடம்பில் உயிரே இருக்காது. எங்கள் மாடி வீட்டுக்காரர் உருது எழுத்தாளர். பகல் முழுக்கப் பத்திரிகை ஆபீசில் ஆங்கிலச் செய்திகளை உருதுவாக்கிவிட்டு அவரும் அதே களைப்போடுதான் வருவார். இரானி ஹோட்டலில் டீ குடித்தபடி, ஞாயிற்றுக்கிழமை இதழுக்கு எழுதும் தொடர்கதையை எனக்கு வாசித்துக் காட்டுவார். எனக்கு உருது படிக்க வராது, கேட்டால் புரியும்.

ஒருநாள் அவர் வாசிக்கும்போதே தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால், ஒரு பக்கம் முழுவதையும் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“மாஃப் கரோ சாப், அசதி” என்றேன்.

“மன்னிப்பெல்லாம் நக்கோ பாய், வேண்டாம். நீங்க தூங்கின இடத்துல கதையும்தான் தூங்குது.”

அடுத்த வாரம் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கவனித்தவர், வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

“கிள்ளிக்காதீங்க. என் தோஸ்துங்க மரியாதைக்கு வரிக்கு வரி வாஹ் வாஹ்ங்கறாங்க. அதை நம்பியே பாதி ஆயுசு போச்சு. தூக்கம் வந்தா தூங்கிடுங்க.”

அவரைப் புகழ ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர் எதிரில் தூங்குவதற்கு நான் ஒருவன்தான் இருந்தேன்.