மாவுக்கடைத் தராசில் அறுபத்தாறு கிலோ

இஹாப் எடை பார்க்கும் நாளில் அபு அவ்னியின் மாவுக்கடை முன்னால் கூட்டம் கூடிவிடும். நேரம் காலை பத்து. வளைகுடா நகரம் ஒன்றில், குளிரூட்டிய கூடத்தில், மற்ற கூண்டுச்சண்டை வீரர்கள் ஒவ்வொருவராகத் தராசில் ஏறுகிற அதே நேரம். இஹாப் ஜெராஷ் அகதி முகாமில், மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசில், உள்ளாடையோடு ஏறி நிற்பான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, ஒரு மிடறு தண்ணீருக்கு ஏங்குகிற கண்களோடு. அபு அவ்னி குண்டை நகர்த்தி எண்ணைப் படித்து, கடையின் இரும்புக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதுவார். அறுபத்தாறுக்குச் சற்றுக் கீழே. எதிரி இல்லை, நடுவர் இல்லை, கூண்டு இல்லை. விசா வரவில்லை.

இப்படி மூன்று முறை நடந்தது.

அவனுடைய ஆசை பெரியதல்ல. பட்டமோ புகழோகூட இரண்டாவதுதான். ஒரே ஒரு முறை எல்லையைத் தாண்டிப் போய், தன்னைத் தெரியாத ஊரில், தன்னைத் தெரியாத கூட்டத்துக்கு முன் சண்டை போட வேண்டும். இதற்கு என்ன தடை என்று கேட்பீர்கள். அறுபத்தேழாம் வருடப் போரில் காஸாவிலிருந்து நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இந்த மலைச்சரிவிலேயே பிறந்தாலும் எங்களுக்குக் குடிமகனுக்குரிய தேசிய எண் கிடையாது. கையில் இருப்பது தற்காலிகக் கடவுச்சீட்டு. விமான நிலைய அதிகாரிகள் அதைக் காலாவதியான மருந்துச்சீட்டைப் போல இரண்டு விரலால் பிடிப்பார்கள்.

பதினேழு வயதில் இஹாப் தரைக்கல் பதிக்கும் வேலைக்குப் போனான். கல் சுமந்து இறுகிய தோளைப் பார்த்துத்தான் கேப்டன் அத்லி அவனைக் கூப்பிட்டார். பயிற்சியாளர் எவரானாலும் எங்களுக்குக் கேப்டன்தான். அவருடைய கூடம் பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை. மழை பெய்தால் இன்னமும் கோழி வாடை எழும். அங்கே குத்தும் உதையும் கற்றான், மல்லுக்கட்டும் கற்றான். எதிராளியின் முதுகில் ஏறி, கழுத்தைக் கையால் வளைத்து இறுக்குவதில் அவனுக்கு இணையில்லை. இடது காது நசுங்கி முட்டைக்கோசு மொட்டுப்போல் ஆயிற்று. உள்நாட்டில் ஒன்பது தொழில்முறைப் போட்டிகள், ஒன்பதும் வெற்றி. எல்லாம் எழுபது கிலோ பிரிவு. தலைநகர் அம்மானில் நிறுக்கும்போது மாவுக்கடையில் பார்த்ததைவிடச் சற்றுக் குறையும். வழியில் வேர்த்திருப்பான் என்று கேப்டன் முடித்துவிடுவார்.

வளைகுடாவில் போட்டி நடத்தும் நிறுவனம் ஒன்றிலிருந்து முதல் அழைப்பு வந்தபோது அவனுக்கு இருபத்தெட்டு. அறுபத்தாறு கிலோ பிரிவு. நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவன் என்பதால் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் கட்டம்: தேசிய எண். அங்கே ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டைத் தாண்டித்தான் அவன் போக வேண்டியிருந்தது.

விசா வரட்டும் என்று, எடை குறைய உடம்பைக் காயப்போடாமல் இருக்க முடியாது. கடைசி நாளில் வந்துவிட்டால்? அதனால் உப்பை விட்டான், ரொட்டியை விட்டான், கடைசி இரண்டு நாள் தண்ணீரையும் விட்டான். பிளாஸ்டிக் உறையை உடுத்து மலைமேல் ஓடினான். அவன் மனைவி ஸுஹாத் சூடான தண்ணீரில் உப்பைக் கொட்டித் தொட்டியை நிரப்புவாள். கழுத்துவரை மூழ்கிக் கிடப்பான். மயங்கிவிடாமல் இருக்க அவனைப் பேசவைப்பது அவள் வேலை. என்ன பேசுவான்? அந்த ஊர் விமான நிலையம் எப்படி இருக்கும், முத்திரை குத்துகிறவன் என்ன கேட்பான், தான் என்ன பதில் சொல்வான்.

முதல் முறை, போட்டி முடிந்த பிறகு மறுப்பு வந்தது. இரண்டாம் முறை மறுப்புக்கூட வரவில்லை. மூன்றாம் முறை, அவன் மோதவேண்டிய ஆள் அங்கே இரண்டு கிலோ கூடுதலாக நின்றான். இஹாப் எங்கள் கதவில் அறுபத்தைந்து கிலோ தொள்ளாயிரம். செய்தியைத் தொலைபேசியில் படித்ததும், தராசுச் சண்டையில் முகாம்தான் ஜெயித்தது என்று யாரோ சொன்னார்கள். அபு அவ்னி மட்டும் மூட்டையைத் தட்டிக்கொண்டே, "இந்த மாவு துருக்கியிலேருந்து வருது மாப்ள. எத்தன எல்லையத் தாண்டியிருக்கு. எவனாவது இதுகிட்ட நம்பர் கேட்டானா?" என்றார்.

இஹாப் சிரித்தான். வெடித்த உதட்டில் ரத்தம் வந்தது.

தலையெழுத்து என்று அழுதாள் அவன் அம்மா. பள்ளிவாசல் ஷேக் ஒருவர் விசாவுக்கென்றே தாயத்து எழுதிக் கொடுத்தார். தூதரகக் குமாஸ்தா தாயத்துப் படிப்பதில்லை என்று நான் சொன்னதற்கு என்னை நாத்திகன் என்றார்கள். இருக்கட்டும். தலையில் எவரும் எதையும் எழுதவில்லை. பன்னிரண்டாம் கட்டத்தை ஒரு மனிதன் யோசித்தான், இன்னொருவன் அச்சடித்தான். அச்சடித்ததை மாற்றி அச்சடிக்கலாம். விதி என்று பெயர் வைத்துவிட்டால், அச்சகம் எங்கே என்று எவரும் கேட்கமாட்டார்கள். இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு ஆட்சியாளர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அவனுக்கு முப்பத்துநான்கு ஆனபோது அதே நிறுவனம் அம்மானில் போட்டி நடத்தியது. எல்லையைத் தாண்ட வேண்டாம். ஆனால் முதல்முறையாக, அறுபத்தாறு கிலோவுக்கு உண்மையான தராசு. இஹாப் ஏறினான். அதிகாரி படித்தார்: அறுபத்துநான்கு எண்ணூறு.

கேப்டன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். இஹாப் இன்னொரு முறை பார்க்கச் சொன்னான். அதே எண். ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கிறது, ஏன் இப்படிக் காய்ந்தாய் என்று அதிகாரி கேட்டார். இஹாப் கையை நீட்டினான். தண்ணீர் புட்டியை வாங்கி, தராசின்மேல் நின்றபடியே குடித்தான்.

மறுநாள் இரண்டாம் சுற்றில், கசாகிஸ்தானிலிருந்து வந்தவனின் முதுகில் ஏறிக் கழுத்தை இறுக்கினான். அந்த எதிராளி தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான். திரையில் தோற்றவனின் பெயருக்குப் பக்கத்தில் நீலக் கொடி. வென்றவனின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

அவன் ஊர் திரும்பிய அன்றே ஸுஹாத் மாவுக்கடைக்குப் போனாள். கடையில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள்.

"உங்க தராசு ஒரு கிலோவுக்கு மேல கூட்டிக் காட்டுது மாமா."

அபு அவ்னி, பழைய தராசாக வாங்கியது, தனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தார்.

"தொட்டியில கெடந்து தண்ணி தண்ணின்னு கெஞ்சினான். நாந்தான் குடுக்கல. இன்னும் நூறு கிராம், இன்னும் நூறு கிராம்னு உள்ள அமுக்கினேன். தேவையே இல்லாத ஒரு கிலோவுக்கு. நாலு தடவ."

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்கு இன்றும் நிச்சயமில்லை. ஆனால் கடையிலிருந்த பெண்களுக்குச் சட்டென்று கணக்குப் புரிந்தது: இத்தனை வருடம் தங்கள் வீட்டுக்கு வந்த மூட்டைகளும் அதே தராசில் ஏறியவைதானே. அப்புறம் நடந்ததை எழுதினால் பக்கம் போதாது. ஒரு வாரத்தில் தராசு ஜெராஷ் நகரப் பட்டறைக்குப் போய்ச் சரியாகித் திரும்பியது. அமைச்சகம் தேவைப்படவில்லை, தாயத்து தேவைப்படவில்லை. பொய்யைக் கண்டு ஐந்து பெண்கள் சத்தம் போட்டார்கள். அது போதுமானதாக இருந்தது.

இஹாப் கோபப்படவே இல்லை. அபு அவ்னி அவனிடம் மன்னிப்புக் கேட்க வந்தபோது, "திருத்திட்டீங்கல்ல, விடுங்க மாமா," என்றான்.

அம்மான் வெற்றியால் நான்காவது அழைப்பு வந்தது. பட்டத்துக்கான சண்டை, வளைகுடாவில். படிவத்தில் மாற்றம் எதுவும் இல்லை. பன்னிரண்டாம் கட்டத்தில் மறுபடியும் கோடு போட்டேன். முப்பத்தைந்தாம் வயதில் உடம்பு தண்ணீரைச் சீக்கிரம் விடாது. இதற்குப் பிறகு அறுபத்தாறு கிடையாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். ஸுஹாத் தொட்டியை நிரப்பினாள். இம்முறை அவன் விமான நிலையத்தைப் பற்றிப் பேசவில்லை. அவள்தான் பேசினாள்: முத்திரை குத்துகிறவன் மீசை வைத்திருப்பான், உன் காதைப் பார்த்துப் பயந்து கேள்வியே கேட்கமாட்டான்.

எடை நாள் காலை ஒன்பதரைவரை பதில் இல்லை. விமானம் முந்தைய நாளே போய்விட்டது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனாக நடந்து வந்தான். தொலைபேசியை ஸுஹாத்திடம் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குத் தராசில் ஏறினான். அபு அவ்னி குண்டை மிக மெதுவாக நகர்த்தினார்.

"அறுபத்தஞ்சு தொள்ளாயிரம்."

"சரியாப் பாத்தீங்களா மாமா?"

"சரியா இருக்கு. இப்ப சரியாத்தான் இருக்கு."

அவர் சுண்ணக்கட்டியை எடுத்தார். ஸுஹாத் தண்ணீரை நீட்டினாள். இஹாப் வாங்கவில்லை. அந்த எடையிலேயே இன்னும் கொஞ்ச நேரம், கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.