வட்டத்துக்குள் தேங்கிய தண்ணீர்

ரோட்டில் ஒரு குழியைச் சுற்றி வெள்ளை வட்டம் இருந்தால், நகரசபையின் ரோட்டு மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இன்று வட்டம் விழுந்தால் நாளை தார் விழும். அடைத்த பிறகு வட்டத்தை யாரும் அழிப்பதில்லை, சக்கரம் பட்டுத் தானாகத் தேய்ந்து போகும். சும்மா சொல்லக்கூடாது, குழி பார்ப்பதில் மனுஷன் கில்லாடி. கூட வேலை செய்பவர்கள் அவரை ‘வட்டம்’ என்றே கூப்பிட்டார்கள்.

அந்தத் தாருக்கான பணம் பெட்ரோல் பங்க்கிலிருந்து வந்தது. லிட்டருக்கு இவ்வளவு ரோட்டு வரி என்று விலையோடு சேர்த்தே பிடித்துவிடுவார்கள். மின்வண்டிகள் பெருகியதும் பங்க்கில் ஈ ஓட்ட ஆரம்பித்தார்கள். பெட்ரோல் குடிக்காவிட்டால் ரோடு தேயாதா? மின்வண்டி என்ன ஆகாயத்திலா ஓடுகிறது? இதையெல்லாம் யோசிக்க வேண்டியவர்கள் யோசிக்கவில்லை. தினமும் வந்த தார் லாரி வாரத்துக்கு ஒருமுறை வந்தது. பிறகு “வரும், வரும்” என்றார்கள். மேஸ்திரி மட்டும் வட்டம் போடுவதை நிறுத்தவில்லை. பழகிய கை, சும்மா இருக்குமா?

அவர் மனைவி தையல் வேலை செய்பவள். தைத்த சட்டைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோக அவளுக்கு மின் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். பெட்ரோல் செலவே இல்லை என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார்.

ஒரு மழை நாளில் அவள் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். வழியில் வெள்ளை வட்டம். உள்ளே தண்ணீர் தேங்கி, புதுத் தார் போலக் கறுப்பாக, சமமாக இருந்தது. வேறு யாராவது என்றால் ஒதுங்கிப் போயிருப்பார்கள். இவளுக்குத்தான் வட்டத்தின் அர்த்தம் தெரியுமே! நேராக விட்டாள். முழங்கால் நொறுங்கிவிட்டது.

“நீங்க அடைச்சிட்டீங்கன்னு நெனச்சேங்க,” என்றாள் ஆஸ்பத்திரியில். ஏசியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு மரத்துப்போனவர்தான். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் நகரசபை மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது. மின்வண்டிகள் ஓடும் தூரத்துக்கு ஏற்ப சாலை வரி வாங்கலாமா என்று கேள்வி. மேஸ்திரியும் போனார்.

“புகை விடாம ஓட்டுறோம். பாராட்டுவீங்கன்னு பாத்தா தண்டம் போடுறீங்களே?” என்றார் பெரிய மின்காரில் வந்த பல் டாக்டர்.

“நான் நாளெல்லாம் பார்சல் கொண்டுபோறவ. தூரத்துக்குக் காசுன்னா என் வயித்துலதானே அடி?” என்றாள் ஒரு பெண்.

மேஸ்திரி எழுந்தார். “எங்க வீட்லயும் மின்வண்டிதாங்க. ஓடின வரைக்கும் ரோட்டுக்குன்னு ஒரு காசு குடுக்கல. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. வரி போடுங்க.”

“இந்தம்மா கேட்டதுக்கு என்ன சொல்றீங்க?” என்றார் தலைவர்.

“கனமான வண்டிக்குக் கூட்டி வாங்குங்க, இவங்களுக்குக் கொறச்சுக்குங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க.”

யாரும் கைதட்டவில்லை. “யோவ் வட்டம், சொந்த வண்டிக்கே ஆப்பு வச்சிட்டியேய்யா!” என்று வாசலில் தார் லாரி டிரைவர் கிண்டலடித்தார். மேஸ்திரிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

வீட்டில் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை இனி மிதிக்க முடியாது, ஸ்கூட்டரும் ஓட்ட முடியாது.

“கூட்டத்துல என்ன ஆச்சுங்க?”

“கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க போல. நானும் வாங்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அப்ப நம்ம வண்டிக்கு ஒண்ணும் வராது,” என்றாள்.

“ஆமா, வராது.”

சும்மா நின்றால் பேட்டரி வீணாகிவிடும். மேஸ்திரி வழக்கம்போல ஒயரை எடுத்து ஸ்கூட்டரில் சொருகினார்.