உமரி வெந்த தண்ணீர்

கல்லூரியில் ரசாயனம் படிக்கிற என் பேத்தி போன மாதம் ஒரு சாக்குப்பையோடு வந்து இறங்கினாள். மணமேல்குடியில் கடல்தண்ணீர் ஏறுகிற கழியோரத்தில் உமரிக்கீரை பறிக்க வேண்டுமாம். ஊரிலே கடைவீதி நிறையக் கீரை கிடக்க, உப்புச் சேற்றில் காலை விடவா ஒருத்தி பஸ் ஏறி வருவாள் என்று கேட்டேன்.

“அப்பத்தா, இது அதிசயச் செடி. சேத்துல இருக்க உப்ப வேர் உறிஞ்சும். எலையில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பை இருக்கு, அதுல போட்டுப் பூட்டி வச்சுக்கும். அதான் அது சாகாமத் தப்பிக்குது. இதப் பொடியாக்கி உப்புக்குப் பதிலாப் போடலாமான்னு பாக்கப்போறோம். சத்தும் நெறையா இருக்கு.”

“யாருக்குப் போடப்போறீக?”

“பிரஷர்காரங்களுக்கு. ஆனா மொதல்ல அதுல எவ்வளவு உப்பு இருக்குன்னு அளக்கணும். நீங்க இதச் சாப்பிட்டிருக்கீங்களா?”

“சாப்பிட்டது கொஞ்சந்தான். ஊட்டுனது அதிகம்” என்றேன்.

அவள் சிரித்தாள். வழக்கமாக என் கேலிக்கு முதலில் சிரிப்பவள் நான்தான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பூட்டை நான் எட்டு வயதிலேயே திறந்துவிட்டவள்.

என் அப்பா கல்யாண வீட்டுச் சமையல்காரர். முந்நூறு இலைக்குக் கொதிக்கிற சாம்பாரில் ஒரு கை உப்பு குறைந்தால், வாயில் வைக்காமல் ஆவியை முகர்ந்தே சொல்லிவிடுவார். அறந்தாங்கிப் பக்கமிருந்தெல்லாம் மாட்டுவண்டி அனுப்பி அழைத்துப் போவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் உடம்பில் நீர் கோத்தது. கால் இரண்டும் வாழைத்தண்டு மாதிரி ஆயின. நான் விரலால் அழுத்தினால் குழி விழும். பத்து எண்ணினால்தான் அது நிரம்பும். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. எட்டு வரைதான் சரியாக எண்ணத் தெரியும் என்பதால், குழி இன்னும் நிரம்பவில்லையே என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: உப்பு ஆகாது. மீறித் தின்றால் நீர் நெஞ்சுக்கு ஏறும், ஆள் தங்க மாட்டார்.

அம்மா அன்றே உப்புச் சாடியை நெல் குதிருக்குள் இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்குமே உப்பு கிடையாது. உப்பில்லாத கஞ்சியைப் பார்த்து அப்பா விட்ட பெருமூச்சில் கஞ்சியே ஆறிப்போகும்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, புருஷன் போனபின் எங்களோடுதான் இருந்தாள். கழியோரத்துக் கீரையெல்லாம் அவளுக்கு அத்துபடி. உமரிக்கு அரிசி மாதிரி பருத்த இலை. மழைக்குப் பச்சையாக இருக்கும், வெயில் ஏற ஏறச் சிவக்கும். அதைப் பறித்து வந்து வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுவாள். மறுபடி வேகவைத்து மறுபடி கொட்டுவாள். பிறகு பிழிந்து, தேங்காய் போட்டு வதக்கி அப்பாவுக்கு வைப்பாள். கொஞ்சம் நாக்குக்குத் தெரியும், உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

தண்ணீரைக் கொட்டுகிற வேலை என்னுடையது.

“வாழைப் பக்கம் ஊத்திறாத தாயி, பட்டுப்போயிரும். அங்கிட்டு நெருஞ்சிக் காட்டுல ஊத்து, கருகட்டும்” என்று அத்தை முதல் நாளே சொல்லியிருந்தாள்.

முதல் நாளே நான் ஊற்றவில்லை. விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். அம்மாடி! உப்பில்லாத வீட்டில் அது தேவாமிர்தம். ஒரு செம்பில் எடுத்துப்போய், மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, அப்பாவிடம் நீட்டினேன். ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் திறக்கவில்லை.

“யாரு வச்ச ரசம் தாயி?”

“நாந்தான்ப்பா. கீரைத் தண்ணி. ஒரு கல்லு உப்புகூடப் போடல.”

“போடலையில்ல? அப்பச் சரி. ஒங்காத்தாட்டச் சொல்லிராத. பொறாமப்படுவா.”

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? தினமும் ரசம் போனது. உப்பு என்றால் வெள்ளையாய், கல்லாய், சாடிக்குள் இருப்பது; அந்தச் சாடி குதிருக்குள் இருக்கிறது. கீரைத்தண்ணீர் கரித்தால் அது கீரையின் குணம், புளி புளிப்பது மாதிரி. இதுதான் என் படிப்பு. மிஞ்சியதை ஒரு மண்சட்டியில் ஊற்றி, யாரும் பார்க்காதபடி மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் வைத்துக்கொள்வேன். நெருஞ்சிக்கு ஒரு சொட்டு கொடுத்ததில்லை.

பத்து நாளில் அப்பாவின் முகம் வீங்கியது. அடுத்த இரண்டு நாளில் மூச்சு இழுத்தது. படுக்க முடியாமல், தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். என் விரல் விழுந்த குழி நிரம்பவே இல்லை. முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அம்மா நெல் குதிரின் மூடியைத் திறந்து சாடியைப் பார்த்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. அப்படியானால் வெளியிலிருந்து யாரோ கொடுக்கிறார்கள். அவள் கண் அத்தைமேல் விழுந்தது.

“மதினி, தம்பி கேக்குறாருன்னு பாசத்துல உப்பப் போட்டுட்டீகளா? சொல்லிருங்க.”

“என் தம்பியக் கொல்லவா நான் சோறாக்குறேன்? என்ன பேச்சு பேசுற ஆத்தா!”

அம்மா நடுவீட்டில் ஒரு தட்டை வைத்துச் சூடம் கொளுத்தினாள். உப்புக் கொடுக்கவில்லை என்று சொல்லி, கையால் சூடத்தை அணைக்க வேண்டும். பொய் சொன்னவர் வீடு விளங்காது. அத்தை சொல்லி அணைத்தாள். அடுத்தது நான். “ஒரு கல்லு உப்புகூட எங்கப்பாவுக்கு நான் குடுக்கல” என்று கணீரென்று சொல்லி, பட்டென்று அடித்தேன். கை சுடக்கூட இல்லை. சத்தியத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

“நீங்க சொல்லுங்க, யாரு குடுத்தா?” என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா மூச்சு வாங்கினார். “எனக்கு உப்பே தெரியலையே” என்றார். பிறகு அம்மாவுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினார். அந்த வீங்கிய இமை பாதிதான் மூடியது.

மத்தியானம் வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது அம்மா அத்தையிடம், “நான் திரும்பி வாரப்ப நீங்க இங்க இருக்கக் கூடாது” என்றாள். அத்தை துணியை மூட்டை கட்டினாள். கொல்லைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து என் தலையில் கை வைத்தாள்.

“நெருஞ்சியெல்லாம் பச்சப்பசேல்னு இருக்கே தாயி” என்றாள்.

அவ்வளவுதான். இலுப்பூர்ப் பக்கம் இருந்த மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். இந்த நேரத்தில் போய் நெருஞ்சியைப் பற்றிப் பேசுகிறாளே, பாவம், அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பக்கத்து வீட்டில்கூடச் சொன்னேன்.

நாலு நாள் கழித்துத்தான் கூரைமேல் இருந்த சட்டி நினைவுக்கு வந்தது. ஏறி எடுத்தேன். வெயிலில் தண்ணீர் சுத்தமாக வற்றியிருந்தது. அடியிலும் விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். கல் கல்லாக வந்தது. நாக்கில் வைத்தேன்.

கூரையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. உள்ளங்கையைப் பார்த்தேன். சூடம் அணைத்த அதே கை. அன்று சுடாத கை அப்போது எரிந்தது. நெருஞ்சி ஏன் கருகவில்லை என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். சட்டியைக் கிணற்றடிக் கல்லில் போட்டு உடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அத்தை பிழைத்திருந்த வரைக்கும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை. போன மாதம் பேத்தி சாக்குப்பையோடு நின்றபோதுதான் வாய் திறந்தது.

அப்பா ஒரு மாதம் கழித்து வந்தார். வீக்கமெல்லாம் வற்றி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. எலும்பெல்லாம் தெரிந்தது. அம்மா உப்பில்லாத கஞ்சியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

“தாயி, கழியில உமரி கெடக்கா?”

கழி முழுக்கச் சிவப்பாய்க் கிடந்தது. “இல்லப்பா, எல்லாம் காஞ்சுபோச்சு” என்றேன்.

அப்பா என் முகத்தையே பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆவியை முகர்ந்தே உப்புச் சொல்கிற அந்த மனிதரைப் பார்த்து எனக்கு இரக்கமாக இருந்தது. பாவம், அந்தத் தண்ணீரில் இருந்தது என்னவென்று அப்பாவுக்குத் தெரியாதே என்று நினைத்துக்கொண்டேன்.