லேமினேட் செய்யக் கூடாத கடிதம்

சவூதியில், அல் கோபாரில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் யாருக்கு விசா படிவம் நிரப்ப வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். ஒருவர்கூட நகல்களை ஒழுங்காக அடுக்கி வந்ததில்லை. திட்டிக்கொண்டேதான் நிரப்பித் தருவேன்.

அப்படிப்பட்ட நான், எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண் சிவமதியின் காகிதங்களோடு என் பழைய கடிதம் ஒன்றையும் கவனிக்காமல் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். இளவயதில் தம்மாம் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, போருக்குப் போகும் குண்டுப் பெட்டிகளுக்குக் கையெழுத்திட மறுத்தேன். அதற்காக என்னை வேலையைவிட்டு நீக்கிய கடிதம் அது. மனைவி வீட்டார் என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்றார்கள். மகனிடம் காண்ட்ராக்ட் முடிந்தது என்றே சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை சிவமதி கடிதத்தோடு வந்தாள். லேமினேட் செய்திருந்தாள்!

“அசலை லேமினேட் பண்ணினா எந்த ஆபீஸ்லயும் வாங்க மாட்டாங்கம்மா. இதுகூடத் தெரியாதா?”

“கீழ்க்கடை பாய்தான் செய்து தந்தவர், ஐயா. வாசிச்சுப்போட்டு எழும்பி நிண்டவர்.”

“நிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? குண்டுப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட மறுத்தான்னுதானே போட்டிருக்கான்.”

“எங்கட வீட்டில விழுந்த குண்டுக்கும் எங்கையோ ஒராள் கையெழுத்துப் போட்டிருப்பார்தானே, ஐயா.”

கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

மாலைக்குள் செய்தி எல்லா மாடிக்கும் ஏறிவிட்டது. லிஃப்டில் எல்லோரும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். எரிச்சலாக இருந்தது. அவர்களில் பாதிப் பேர் இன்னும் பாஸ்போர்ட் நகல் தரவில்லை.

மகன் வருவதற்குள் கடிதத்தைப் பெட்டியின் அடியில் வைக்கப் போனேன். பிறகு, அவன் தினமும் சாவி வைக்கும் மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.