கேக்கில் எழுதிய முப்பது

நேற்றுக் காலை கணினியில் ஒரு கேக்குக்கு ஓடர் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர்கள் ஒன்பது கேள்விகள் கேட்டிருந்தார்கள். பெயர், எடை, முட்டை போடலாமா கூடாதா, வனிலாவா சொக்லேட்டா என்று எட்டு வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டேன். ஒன்பதாவது கேள்வி: எத்தனையாவது பிறந்தநாள்? பக்கத்தில் சிவப்பில் ஒரு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் இதே கேள்விதான் என்னை விழுத்தியது. அப்போது நட்சத்திரம்கூட இல்லை. நிரப்பாமல் விட்டிருந்தாலும் கேக் வந்திருக்கும்.

அந்தக் கேக்கும் என் தம்பி குகனுக்குத்தான். குகன் ஒரு காலத்தில் ரக்பி லீக் விளையாடிச் சம்பளம் வாங்கியவன். இதை எழுதியதும் நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், நானும் சலிக்காமல் விளக்கினேன். ஒரு பக்கத்தில் பதின்மூன்று பேர். பந்து வைத்திருக்கும் அணியை ஆறு தடவை விழுத்தலாம். ஆறாவது தடவையோடு பந்து மற்ற அணிக்குப் போய்விடும். அதனால் ஐந்து தடவை விழுந்ததும் பந்தை உயரத்துக்கு உதைத்துவிடுவார்கள். அந்தப் பந்து எங்கே வந்து விழுமோ அங்கே தனியாக நின்று பிடிப்பவன் ஃபுல்பேக். அவனுக்குப் பின்னால் யாரும் கிடையாது. இவ்வளவையும் சொல்லி முடித்தால் சிவா அண்ணை கேட்பார். அவர் நான் வேலை செய்த ஹோட்டலில் சமையல்காரர்.

“அப்ப உவன் கோல் கீப்பரோ?”

“கோல் கீப்பர் எண்டு ஒருத்தரும் இல்லை அண்ணை.”

“பிறகேன் பின்னாலை நிக்கிறான்? பயமோ?”

அதன் பிறகு நான் விளக்குவதை விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் சாவகச்சேரி. ஆனால் அப்பாவுக்கு வேலை கண்டியில். அங்கேதான் குகன் பள்ளிக்கூடத்தில் ரக்பியைப் பிடித்துக்கொண்டான். நான் சுவிட்சர்லாந்தின் துன் நகரத்துக்கு வந்து ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் துணி அறையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடங்களின் பின் அவனும் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் வழியில் அவனைப் பதினாறு ஆக்கிவிட்டான். பதினெட்டுக்குக் கீழ் என்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. “நாளையும் மாசத்தையும் மாத்தாதை, கேக்கேக்கை தடுமாறுவாய். வருசத்தை மட்டும் மாத்து” என்று அறிவுரையும் கொடுத்திருக்கிறான். அவன் சொன்ன எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் உருப்படியானது. ஆனால் ஒருமுறை கடதாசியில் ஏறிய வருடத்தை இறக்க வழியில்லை. திருத்தப் போனால் முதல் சொன்னது பொய் என்றாகும். பிறகு இங்கே தங்கும் பெர்மிட் என்னாகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே குகன் எல்லாப் படிவத்திலும் மூன்று வயது குறைந்தவனாகவே வளர்ந்தான். உண்மையான ஆண்டு அம்மாவின் வாயிலும் என் டயரியிலும் மட்டும் இருந்தது.

அவனுக்கு லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் கைக்கடிகாரங்களின் உலோகப் பெட்டிகளை மெருகேற்றும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்த மெருகுத் தூசியின் மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சூடான இரும்போடு மெழுகு கலந்ததுபோல ஒரு மணம். அவன் சட்டையிலும் தலைமுடியிலும் சோற்றுக் கோப்பையிலும் அது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் கழகம் ஒன்றுக்கு விளையாடுவான். அது பதினைந்து பேர் விளையாடும் மற்ற ரக்பி. வித்தியாசத்தை விளக்கப்போவதில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் ரயிலேறி அவனிடம் போவேன். போனால் எனக்கு ஒரே வேலைதான். அவன் குடியிருந்த கட்டடத்தின் நாலாம் மாடி பல்கனியில் நின்று பந்தைக் கீழே போடவேண்டும். அவன் புல்தரையில் நின்று பிடிப்பான். ஒரு நாளைக்கு நூறு பந்து. பிடித்தால் ஒரு கோடு, விட்டால் ஒரு புள்ளி என்று நான் கொப்பியில் குறித்துக்கொள்வேன். நூறு முடிந்ததும் நாலு மாடி ஏறிவந்து முதலில் கொப்பியைத்தான் பார்ப்பான்.

“தொண்ணூத்தி மூண்டோ? அறுபத்தெட்டாவதை நீங்கள் கோணலாப் போட்டனீங்கள். அது கணக்கில்லை.”

“கோணலா வாறதைப் பிடிக்கத்தானே உன்னைப் பின்னாலை நிப்பாட்டியிருக்கினம்?”

நாலாவது வாரம் கட்டடப் பொறுப்பாளர் கீழே அறிவித்தல் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்கனியிலிருந்து எந்தப் பொருளும் விழக்கூடாது என்று எழுதியிருந்தது. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைத் தொட்டியில்கூடப் போடமுடியாது, நாங்கள் பந்து போட்டோம். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் போட்டோம்.

அந்தப் பந்துகள் வீண்போகவில்லை. பிரான்சின் தெற்கிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் ஏதோ போட்டியில் இவன் உயரப் பந்து பிடிப்பதைப் பார்த்திருக்கிறார். இருபத்து மூன்று வயதில் இப்படிப் பிடிப்பவனைக் காணவில்லை என்றாராம். உண்மையில் இருபத்தாறு. அவர்கள் ஊரில் பதின்மூன்று பேர் ஆட்டம்தான். சம்பளம், ஒரு அறை, முதுகில் முதலாம் இலக்கம். குகன் மெருகுத் தூசியைத் தட்டிவிட்டுப் போனான். நாலு சீசன் விளையாடினான். மூக்கு இரண்டு முறையும் விலா ஒரு முறையும் உடைந்தன. எந்தப் பக்கத்து விலா என்று என்னிடம் குறிப்பு இருக்கிறது. இடது.

2002 ஓகஸ்டில் அந்தக் கழகம் சீசனுக்கு முந்திய பயிற்சிக்கென்று ஒரு வாரம் துன் நகரத்துக்கு வந்தது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு, சுவிஸ் கழகங்களிலிருந்து பொறுக்கிய ஓர் அணியோடு சினேகபூர்வ ஆட்டம். அது முடிந்ததும் கழகத் தலைவர் குகனுடைய புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதாக இருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். அதை முடித்தால் அங்கேயே இளையோர் அணிக்குப் பயிற்சியாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். கையெழுத்து விழாவிட்டால் மறுபடி கடிகாரப் பெட்டிதான். அந்தச் சனிக்கிழமையே குகனின் பிறந்தநாளும். கடதாசியில் இருபத்தேழு. அசலில் முப்பது.

அந்த வாரம் தொலைபேசியில் குகன் சொன்னான்: “அண்ணை, தலைவருக்கு ஒரு பிடிவாதம். முப்பதைத் தொட்ட ஃபுல்பேக்கோடை அவர் ரெண்டு வருசம் எழுதமாட்டார். உங்கட ஆக்கள் ஆரும் வாய் விட்டிடுவினம், கவனம்.”

எங்கட ஆட்கள் என்றால் துன்னிலும் பேர்னிலும் இருந்த பதினொரு குடும்பங்கள். முதல் தடவையாக அவன் விளையாடுவதைப் பார்க்கப்போகிறார்கள், அவர்களைத் தடுக்கவும் முடியாது. பதினொரு வீட்டுக்கும் நான் தொலைபேசி எடுத்தேன். ஒரு பட்டியல் போட்டு, சொன்னவுடன் பெயரை வெட்டினேன். வயது கதைக்கக்கூடாது. அவன் பள்ளிக்கூடத்தில் எந்த வருசம் யாரோடு படித்தான் என்று கதைக்கக்கூடாது. கண்டியைப் பற்றியே கதைக்கக்கூடாது.

“அப்ப என்னத்தைக் கதைக்கிறது?” என்றார் சிவா அண்ணை. “ஏரி வடிவா இருக்கெண்டு கதைக்கவோ?”

“ஓம். அதைக் கதையுங்கோ.”

இரண்டு மணி ஆட்டத்துக்குப் பன்னிரண்டரைக்கு வரச்சொல்லியிருந்தேன். எங்கள் ஆட்களைத் தெரிந்துதான் ஒன்றரை மணித்தியாலம் சேர்த்துச் சொன்னேன். அவர்களும் என்னைத் தெரிந்து அதற்கேற்றபடி பிந்தினார்கள். முதல் வான் இரண்டு ஐம்பதுக்கு வந்தது. இடைவேளை முடிந்துவிட்டது. இறங்கியவர்கள் மைதானத்தைப் பார்க்கவில்லை, றோல்ஸ் பலகாரப் பெட்டியை எங்கே வைப்பது என்று தேடினார்கள். யாரோ ஒரு பிளாஸ்க் தேநீரை எதிரணியின் பயிற்சியாளருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். அதற்குள் ஊரிலிருந்து என்னிடம் வந்துவிட்ட அம்மா என் பக்கத்தில் மடிப்புக் கதிரையில் இருந்தா. குகனை மூன்று பேர் சேர்ந்து விழுத்தியபோது எழும்பிவிட்டா.

“டேய் குகன், அந்தப் பந்தைக் குடுத்துத் துலையடா! அதுக்குத்தானே அடிக்கிறாங்கள்!”

ஒருவகையில் அம்மா ஆட்டத்தைச் சரியாகத்தான் விளங்கியிருந்தா.

அன்று உயரப் பந்து பத்து வந்தது. ஒன்பதைப் பிடித்தான். பத்தாவது கைக்குள் வந்துதான் நழுவியது. எதிரணியில் ஓர் இளைஞன் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான். குகன் திரும்பித் துரத்தினான். பத்து அடி ஓடியதும் அவன் கால்கள் அந்த ஓட்டத்தைக் கைவிட்டதை நான் பார்த்தேன். அவன் நின்று, இடுப்பில் கைவைத்து, என் பக்கம் திரும்பினான். நான் கொப்பியில் ஒரு புள்ளி வைத்தேன். வேறு என்ன செய்ய?

ஆட்டம் வென்றுவிட்டார்கள். பிறகு கழகக் கட்டடத்தில் நீள மேசை. வியர்வையும் களிம்பும் மணக்கும் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம், சேலையும் றோல்ஸுமாக எங்கள் ஆட்கள் ஒரு பக்கம். நடுவில் கழகத் தலைவரும் அவர்களுடைய மருத்துவரும். தலைவரின் முன்னால் தோல் உறை, அதற்குள் ஒப்பந்தம். எங்கள் ஆட்கள் சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொருவராகத் தலைவரிடம் போய் ஏரி வடிவாக இருக்கிறது என்றார்கள். ஏழாவது ஆள் சொன்னபோது தலைவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் கிளி அக்கா கேக்கோடு வந்தா. பேர்னில் வீட்டிலிருந்தபடியே எல்லாத் தமிழ்க் கொண்டாட்டங்களுக்கும் கேக் செய்து கொடுப்பவ. மேசையில் வைத்து மூடியைத் திறந்தா. வெள்ளை ஐசிங்கின் நடுவில், நீலத்தில், சோற்றுக் கரண்டி நீளத்துக்கு இரண்டு இலக்கங்கள். 30.

தமிழில் எழுதியிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம். இலக்கம் எல்லாருக்கும் பொது.

“முப்பதா?” என்று தலைவர் பிரெஞ்சில் கேட்டார்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உதவிக்கு வந்தார்கள். சிவா அண்ணை தன் ஜெர்மனில் அது அவனுடைய சட்டை இலக்கம் என்றார். குகன் அப்போது அந்தச் சட்டையோடுதான் நின்றான், முதுகில் ஒன்று. இன்னொருவர் எங்கள் பஞ்சாங்கத்தில் மூன்று வருடம் கூடுதலாக எண்ணுவோம் என்றார். தலைவருக்கு மூன்று என்ற விபரத்தைக் கொடுத்தவர் அவர்தான். நான் கிளி அக்காவைக் கதவடிக்கு இழுத்தேன்.

“ஆரக்கா முப்பது போடச் சொன்னது?”

அக்கா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினா. என்னுடைய கோடு போட்ட தாள். என் கையெழுத்து. கேக் ஓடர் கொடுப்பதற்கென்று நானே பெட்டி பெட்டியாக வரைந்த படிவம். எடை மூன்று கிலோ. முட்டை உண்டு. நிறம் நீலம். எத்தனையாவது: 30.

“உம்மட எழுத்துத்தானே தம்பி? நீர் பிழையா எழுதமாட்டீர் எண்டு நான் திருப்பிக் கேக்கேல்லை.”

நான் பிழையாக எழுதவில்லை. அதுதான் பிழை. பின்னால் வந்து நின்ற சிவா அண்ணை தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “பதினொரு வீட்டுக்கு ஃபோன் அடிச்சியே. உனக்கு ஒருக்கா அடிச்சுச் சொல்லியிருக்கலாமேடா.”

மேசையடியில் குகன் எல்லோரையும் கையமர்த்தினான். தலைவரிடம் பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னான். அது என் வயது, கடதாசியில் இருப்பது நான் இந்த நாட்டுக்குள் வருவதற்குத் தேவைப்பட்ட வயது என்றான். முதலில் வாய் திறந்தவர் மருத்துவர். பல நாள் தேடிய சாவியைக் கண்டெடுத்தவர்போல, “அதுதானே பார்த்தேன், அந்த முழங்கால்!” என்றார்.

தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். தோல் உறையைத் திறந்தார். இரண்டு என்றிருந்ததை ஒரு கோட்டால் வெட்டி ஒன்று என்று எழுதினார். பக்கத்தில் சிறிய கையொப்பம் வைத்து, குகனிடம் பேனாவை நீட்டினார். பிறகு கேக் இரண்டு துண்டு சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

தலைவர் அதிகாரிகள் யாருக்கும் எழுதிப்போடவில்லை. ஆனாலும் மூன்று மாதம் நான் தபால்பெட்டியைத் திறந்தபோதெல்லாம் கடித உறையின் மூலையில் குடிவரவு அலுவலகத்தின் முத்திரை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். குகன் அந்த ஒரு சீசனை விளையாடி முடித்துவிட்டு லா ஷோ-து-ஃபோனுக்குத் திரும்பி வந்தான். அதே தொழிற்சாலை, அதே மணம். ஒரு நாளும் என்னைக் குறைசொல்லவில்லை. அதுவும் ஓர் எரிச்சல். கடைசியில் நானே கேட்டேன். அவன் சொன்னான்: “விடுங்கோ அண்ணை. அந்த ஒரு வருசம்தான் நான் என்ர வயசிலை விளையாடினனான். ஓட ஏலாட்டி, ஓட ஏலாது எண்டு வாய் திறந்து சொன்னனான்.”

அந்த மைதானம் இப்போது கார் நிறுத்துமிடம். பல்கனிகளுக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள், அங்கிருந்து இனி ஒன்றும் விழாது. கிளி அக்கா லண்டனுக்குப் போய்விட்டா. சிவா அண்ணை ஒன்பது வருடங்களுக்கு முன்னும் அம்மா ஆறு வருடங்களுக்கு முன்னும் ஒரேயடியாகப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் குடும்பங்கள் எதற்கும் பிந்துவதில்லை. பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைக்கு வந்து நிற்கிறார்கள், கையில் றோல்ஸ் பெட்டி இல்லாமல்.

நேற்று அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு குகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“என்ன போட?”

“ஐம்பது போடுங்கோ. பிள்ளையள் மண்டபம் எடுத்து, ஐம்பது எண்டு பலூன் எல்லாம் வாங்கிட்டுதுகள்.”

“உனக்கு ஐம்பத்து மூண்டடா.”

“ஆர் சொன்னது?”

“டயரியிலை இருக்கு.”

“டயரி பென்சன் தருமோ? கடதாசிப்படி எனக்குப் பென்சனுக்கு இன்னும் பதினைஞ்சு வருசம் கிடக்கு அண்ணை. அந்த மூண்டு வருசத்தையும் பெட்டி மினுக்கித்தான் குடுக்கோணும். ஐம்பது போடுங்கோ. போனமுறை உங்கட விருப்பத்துக்குப் போட்டனீங்கள்தானே?”

அறுபது பேருக்கு முன்னால் தன் வயதைச் சொன்ன மனிதன் இவன். இப்போது அந்த வயதை என்னோடு மட்டும் விட்டுவிட்டு பலூன் பக்கம் போய்விட்டான். ஐம்பது என்று போட்டேன். அடுத்த பக்கம் உடனே திறந்தது.

பிறகு டயரியை எடுத்து எழுதினேன்: குகன், 53. கேக், 50. ஓடர் கொடுத்தது நான். இந்தமுறை பிழை இல்லாமல் வரும்.