நான் எடுக்காத ஸ்பூன்

கொரியாவில் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று என் மகள் எனக்கு மூன்று முறை போனில் சொன்னாள். மூன்றாவது முறை டைரியில் எழுதிக்கொண்டேன். செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். யாராவது ஊற்றிக் கொடுத்தால் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நம் டம்ளரில் நாமே ஊற்றிக்கொள்ளக் கூடாது; பக்கத்தில் இருப்பவருக்கு நாம் ஊற்றினால் அவர் நமக்கு ஊற்றுவார். சோற்றில் ஸ்பூனைக் குத்தி நிறுத்தக் கூடாது, செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படிச் செய்வார்கள். கடைசியாக, வயதில் மூத்தவர் ஸ்பூனை எடுக்கும்வரை மற்றவர்கள் சாப்பிட மாட்டார்கள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று விருத்தாசலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

மகள் மேல்படிப்புக்காக அங்கே போனாள். படிப்பு முடிகிற நேரத்தில், கூடப் படித்த கொரியப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு என் மனைவி கேட்டுக்கொண்டதால் பையனைப் பெற்றவர்களைப் பார்க்க இரண்டு பேரும் கிளம்பிப் போனோம். சம்மதிக்கக் கூடாது என்ற முடிவோடுதான் விமானம் ஏறினேன்.

எங்கள் வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் நான் கத்த மாட்டேன். "எனக்குச் சோறு வேணாம்" என்பேன். அவ்வளவுதான். நான் சாப்பிடாமல் என் மனைவி சாப்பிட மாட்டாள். அம்மா சாப்பிடாமல் மகள் சாப்பிட மாட்டாள். ராத்திரிக்குள் யாராவது ஒருவர் என் வழிக்கு வந்துவிடுவார்கள்.

அவர்கள் கூட்டிப்போன சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் பையனின் அப்பா கேட்ட முதல் கேள்வி என் வயது. அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். மகள் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் தலையைக் குனிந்து, ஜக்கிலிருந்து பார்லித் தண்ணீரை இரண்டு கையாலும் எனக்கு ஊற்றினார். நான் ஒற்றைக் கையால் வாங்கினேன்.

கறியைக் கத்திரிக்கோலால் வெட்டிப் போட்டார்கள். "ஐய, துணி வெட்டுற கத்திரிய வச்சி வெட்டுறாங்க பாருங்க" என்று என் மனைவி சிரித்தாள். பையனின் அம்மாவும் என்னவென்று புரியாமலே சேர்ந்து சிரித்தார். ஆளுக்கொரு கறுப்புக் களிமண் சட்டியில் குழம்பு வந்தது. அடுப்பை விட்டு இறக்கியும் கொதித்துக்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் பீங்கான் யூனிட்டில் சூளையைப் பார்த்துக்கொண்டவன் நான். இந்தச் சூட்டைத் தாங்க என்ன மண்ணைக் குழைத்திருப்பார்கள் என்று மனசு தானாக யோசித்தது. வாயைத் திறந்து அதைக் கேட்டிருந்தால் போதும், அந்த மனிதர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார். கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்பா, ஸ்பூன எடுங்கப்பா. எல்லாரும் ஒங்களுக்காகத்தான் இருக்காங்க."

"எனக்குப் பசியில்ல."

"ஒரு வாய் வச்சாப் போதும்பா."

எனக்கு உள்ளூர ஒரு திருப்தி கூட இருந்தது. வீட்டில் செல்லுபடியான ஆயுதம் கடல் தாண்டியும் செல்லுபடியாகிறதே என்று. சட்டிகளில் கொதி அடங்கியது. குழம்பின் மேல் மெல்ல ஆடை படிந்தது. ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என் மனைவிக்குச் சர்க்கரை. காலையிலேயே மாத்திரை போட்டிருந்தாள். அவள் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன். பார்த்தும் எடுக்கவில்லை. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஸ்பூனை எடுத்துச் சோற்றை அள்ளி வாயில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு முன்னால் அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். பையனின் அம்மாவைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்:

"நீங்க சாப்புடுங்கம்மா. அவரு வூட்லயும் இப்படித்தான்."

அந்த அம்மாளுக்கு அது எப்படியோ புரிந்தது. அவரும் எடுத்தார். பிள்ளைகளும் எடுத்தார்கள். பையனின் அப்பா மட்டும் எடுக்கவில்லை. கடைசிவரை எனக்காகக் காத்திருந்தார்.

வெளியே வந்து ஷூவுக்குள் காலை விடும்போது மகள் கேட்டாள்: "அவரு ஒரு வாய்கூடச் சாப்புடல. ஒங்களுக்குத் தெரியும் இல்லப்பா?"

"எனக்கு எங்கேம்மா தெரியும், அவங்க வழக்கமெல்லாம்?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு என் மனைவி மட்டும் போய்வந்தாள். பிறகு மகளின் பேறுகாலத்துக்குப் போனாள். ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டேன். "போயிட்டு வரேங்க. வேளைக்குச் சாப்புடுங்க" என்றாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று விசாவை நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள். பேத்திக்கு இப்போது மூன்று வயது.

டீக்கடையில் கேட்பார்கள்: "ஏன் சார், சம்மந்தி வூட்ல எல்லாம் குச்சியிலதான் துன்றாங்களா? மோர் சோறுன்னா என்னா பண்ணுவாங்க?"

"ஸ்பூனும் இருக்குதுய்யா" என்பேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கோ இடிக்கும். ஒருநாள் கரண்டு போன எரிச்சலில் பழக்கதோஷத்தில் "எனக்குச் சோறு வேணாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கேட்க வீட்டில் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நானே எழுந்து போய்ப் போட்டுத் தின்றேன்.

நமக்குக் காலை ஒன்பது என்றால் அவர்களுக்குப் பகல் பன்னிரண்டரை. என் இட்லியை ஒன்பது மணிக்கு மாற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் என் மனைவி வீடியோவில் கூப்பிட்டுப் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைப்பாள். மேசையின் ஒரு ஓரம் தெரியும். சில நாள் மகளின் முழங்கை மட்டும் தெரியும். அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா விருந்துக்கு வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஸ்பூனை எடுக்கப் போனவர் போனில் என் முகத்தைப் பார்த்துவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார். காத்திருந்தார்.

இட்லியை அவசரமாகப் பிய்த்து வாயில் போட்டேன். சூடு நாக்கைச் சுட்டது. அவர் தலை குனிந்து, ஸ்பூனை எடுத்தார்.

"அம்மா" என்று மகளைக் கூப்பிட்டேன். முழங்கை அசைந்தது. "அன்னைக்கு எனக்குத் தெரியும்மா. டைரியில எழுதி வச்சிருந்தேன்."

ஸ்பூன்கள் கிண்ணத்தில் படும் சத்தம் கேட்டது. அவள் முகம் திரைக்குள் வரவில்லை.

"எனக்கும் தெரியும்பா" என்றாள். "சட்னி தொட்டுக்கிட்டுச் சாப்புடுங்க."

வாங்க என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன்.